புது வண்டியின் ஓசைக்கு யார் பொறுப்பு?

காத்திவாக்கத்தில் ஓசைக்குப் பஞ்சமில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். இடையில் உள்ள சாலைகளில் காமராஜர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே, தமது புதிய வண்டியிலிருந்து எழுந்த ஒரு மெல்லிய முனகலால் தூக்கத்தைத் தொலைத்தவரைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது.

அவர் என்னிடம் இளங்கலைப் பொருளியல் பயின்றவர். காசிமேட்டிலிருந்து மீனும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்வது அவர் தொழில். பத்தாண்டுகள் பிறருடைய வண்டியை ஓட்டிய பிறகு, கடன் பெற்றுச் சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கினார். இரண்டாவது மாதத்திலேயே வண்டியின் அடியிலிருந்து இனம்புரியாத இரைச்சல் எழத் தொடங்கியது. விற்பனையாளரின் பணிமனைக்குச் சென்றார். "புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார்கள். இரண்டாம் முறை சென்றபோது, "இந்த மாடலில் எல்லா வண்டிகளும் இப்படித்தான்" என்றார்கள். மூன்றாம் முறை, 'ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை ஏதுமில்லை' என்று எழுதித் தந்தார்கள்.

எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்குத் தேவையற்றது. இந்த மூன்று பதில்களையும் கேட்காத வண்டி உரிமையாளர் அரிது. ஆனால், இந்தப் பதில்களுக்குப் பின்னால் உள்ள பொருளியல் சிக்கல் இப்போது பேசப்பட வேண்டிய ஒன்றாகியிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை 8 லட்சம் ரூபாயாக உள்ள ஒரு வண்டிக்கு முன்பு 2.24 லட்சம் ரூபாய் வரி, இப்போது 1.44 லட்சம். மிச்சம் 80,000 ரூபாய். உள்ளீட்டு வரி வரவைப் பெறும் பெரிய நிறுவனத்துக்கு இது பெரிய வேறுபாடாகத் தோன்றாது. தானே ஓட்டித் தானே பிழைக்கும் ஒருவருக்கு இதுவே முன்பணத்தின் பெரும்பகுதி. அந்த ஊக்கத்தில் வண்டி வாங்கியவர்களில் என் மாணவரும் ஒருவர்.

சிறிய சரக்கு வண்டி என்பது தமிழகத்தின் கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு வெறும் வாகனமன்று. 2005-இல் டாடா ஏஸ் அறிமுகமானபோது நம் சாலைகள் அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப்பெயர் சூட்டின. கூலி ஓட்டுநராக இருந்தவர் முதலாளியாக மாறுவதற்கான மிகக் குறைந்த விலையுள்ள வாயில் அது. அந்த வாயிலில் நுழைபவர் தம் சேமிப்பு அனைத்தையும் ஒரே இயந்திரத்தில் போடுகிறார். அந்த இயந்திரம் முனகினால் அவருக்கு மாற்று ஏற்பாடு ஏதுமில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர், எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பொருத்தி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம் எண்ணூரில் உள்ளது. திருவொற்றியூரில் 1950-களிலேயே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. மூன்று தலைமுறைகளாக இயந்திரங்களின் ஓசையோடு வாழ்ந்த ஊர் இது. இங்கே காதால் பழுது கண்டறியத் தெரிந்த முதியவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

மாணவரின் வண்டியைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சத்தம் தம்பி?" என்பதன்று, "எப்போ வருது?" என்பதுதான். ஓர் ஓசையைச் சொற்களால் விவரிக்க முயன்றால் ஒருவர் 'முனகல்' என்பார், இன்னொருவர் 'உறுமல்' என்பார். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதில் அத்தகைய குழப்பத்துக்கு இடமில்லை. அவர் விளக்கிய முறையை வாசகர்களுக்கும் சொல்வது பயனுடையது.

வண்டி நின்றிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓசையின் வேகமும் கூடுகிறதா? அப்படியெனில் காரணம் பெரும்பாலும் எஞ்சின் பக்கம் இருக்கிறது. சீரான 'டிக் டிக்' ஒலி இன்ஜெக்டரிலிருந்தோ, வால்வு இடைவெளியிலிருந்தோ, புகைபோக்கி இணைப்பில் உள்ள கசிவிலிருந்தோ வரக்கூடும். சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் எழும் சீழ்க்கை, டர்போவையோ அதன் காற்றுக் குழாயில் உள்ள கசிவையோ காட்டும்.

நியூட்ரலில் கிளட்சை மிதித்தால் ஓசை நின்று, விட்டால் மீண்டும் வருகிறதா? அப்போது கியர் பெட்டிக்குள் சுழலும் உறுப்புகளை ஐயுற வேண்டும். மாறாக, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் ஓசை வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகத்தைச் சாராமல் வண்டியின் வேகத்தைச் சார்ந்து ஓசை கூடினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கர பேரிங் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஒலித்தால் டிஃபரன்ஷியல். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மாறினால் சக்கர பேரிங். புறப்படும் கணத்தில் மட்டும் 'டொக்' என்று அடித்தால் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டில் தளர்வு.

எல்லா ஓசையும் குறையன்று என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பின், டீசல் வண்டிகளில் பழைய ஓட்டுநர்களுக்குப் பழக்கமில்லாத ஒலிகள் சேர்ந்துள்ளன. புகைக்கரித் துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட வண்டிகளில், அது தன்னைத்தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும் நேரத்தில் எஞ்சினின் ஓய்வு வேகம் உயரும், ஒலியும் மாறும். காலையில் குளிர்ந்த டீசல் எஞ்சின் சற்றுத் தட்டி ஒலிப்பதும், சுமையில்லாத பிக்கப்பின் பின்புற ஸ்பிரிங் பட்டைகள் குலுங்குவதும் இயல்பே. ஆகவே 'இது இயல்பான ஓசை' என்று பணிமனை சொல்வது எப்போதும் பொய்யாகாது. அது உண்மையா, தட்டிக்கழிப்பா என்று வாங்கியவரால் பிரித்தறிய முடியாது என்பதே சிக்கல்.

மாணவரின் வண்டியில், நியூட்ரலில் கிளட்சை விட்டால் இரைச்சல் வந்தது. முதல் மூன்று கியர்களில் வலுத்தது. நான்காவது கியரில் வெகுவாகக் குறைந்தது. பெரியவர் உடனே சிரித்தார். இந்த வகை ஐந்து கியர் பெட்டிகள் பலவற்றில் நான்காவது கியர் நேரடி இணைப்பு. எஞ்சினின் விசை பக்கத்தில் உள்ள துணைத் தண்டின் வழியே செல்லாமல் நேராகப் பின்னோக்கிச் செல்கிறது. அப்போது துணைத் தண்டு சுழன்றாலும் அதன்மேல் சுமை விழுவதில்லை. சுமை விழாதபோது ஓசை அடங்குகிறதென்றால், துணைத் தண்டின் பேரிங்கைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தாளில் இதை எழுதி, "இதைக் கொடுத்து, பெட்டியில் இருக்கிற ஆயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லு" என்று அனுப்பினார்.

நான்காம் முறை ஆயிலை இறக்கினார்கள். அதில் உலோகத் துகள்கள் மின்னின. கியர் பெட்டி திறக்கப்பட்டது, பேரிங் மாற்றப்பட்டது, உத்தரவாதத்தின்கீழ் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கணக்குப் பார்த்தால் நிறைவான முடிவு என்றே தோன்றும். ஆனால், நான்கு முறை சென்று வந்ததில் ஒன்பது நாள்கள் வண்டி நின்றது. மீன் காத்திருக்காது, நாளொன்றுக்கு 2,500 ரூபாய் வாடகையில் மாற்று வண்டி எடுத்தார். மொத்தம் 22,500 ரூபாய். அவருடைய வண்டியும் ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் விலையுள்ளதுதான். அரசு வரிக் குறைப்பால் கொடுத்ததில் கால் பங்குக்கும் மேல் ஒரு பேரிங் தின்றுவிட்டது. உத்தரவாதச் சீட்டில் இந்த இழப்புக்கு இடமில்லை.

பொருளியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தகவல் சமச்சீரின்மை. 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் பழுதுள்ள காரை 'எலுமிச்சை' என்பார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார் என்று அவர் காட்டினார். இதற்காக 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தச் சிக்கலுக்கு அகெர்லாஃப் சுட்டிய தீர்வுகளுள் ஒன்று உத்தரவாதம். இடரை வாங்குபவரிடமிருந்து விற்பவரிடம் மாற்றுவதே அதன் வேலை. ஆனால், நம் நாட்டு நடைமுறையில் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வண்டியில் குறை இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் யார்? குறை இருந்தால் செலவை ஏற்க வேண்டியவரின் முகவர். ஆட்டக்காரரே நடுவராகவும் நிற்கும் ஆட்டம் இது. ஓசையைக் கேட்பவருக்கு அதைக் குறை என்று அறிவிக்கும் அதிகாரமில்லை. அதிகாரம் உள்ளவருக்கு அறிவிக்கும் ஆர்வமில்லை. பணிமனை ஊழியர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. எளிதில் புலப்படாத குறையைத் தேடி கியர் பெட்டியைத் திறக்க அவருக்கு எந்த ஊக்கமும் இல்லை என்பதே பொருள்.

வெளியே வேறொரு பணிமனையில் காட்டி இரண்டாவது கருத்துப் பெறலாமே என்று கேட்கலாம். இன்றைய வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பைப் படிக்கும் கருவிகளும் மென்பொருளும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் வலைப்பின்னலுக்குள்ளேயே உள்ளன. வெளியில் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2014 ஆகஸ்டில், உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் சுதந்திரப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கான குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளத்தையும் தொடங்கியது. வாகனத் துறையும் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. ஆனால், இணையதளம் தகவலைத் தரலாம். உரிமையைத் தருவது சட்டம் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது? வணிக நோக்கில் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று கூறும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கென்றே பொருளை வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு விலக்கு அளிக்கிறது. இதை 1995-இல் கோவை பிஎஸ்ஜி தொழிலகக் கல்வி நிறுவனம் தொடர்புடைய வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்ஷாவோ சரக்கு லாரியோ வாங்குபவர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது. 'வணிக வண்டிக்கு நுகர்வோர் நீதிமன்றம் இல்லை' என்று யாராவது சொன்னால், தானே ஓட்டும் உரிமையாளர் அதை நம்ப வேண்டியதில்லை.

50 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். விற்பனையாளர் எங்கிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யும் வசதி 2019 சட்டத்தில் உண்டு. புகாருக்குக் கால வரம்பு இரண்டு ஆண்டுகள். சோதனையின்றிக் குறையைத் தீர்மானிக்க இயலாதெனில், உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களில் அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. ஆனால், அந்தச் சோதனைக்கான கட்டணத்தை முதலில் புகார்தாரரே செலுத்த வேண்டும். 45 நாள்களுக்கும் சேர்த்து மாதத் தவணையும் செலுத்த வேண்டும்.

வேறு வரம்புகளும் உள்ளன. உத்தரவாதத்தின்படி குறையுள்ள பாகத்தை மாற்றுவதே கடமை. அதற்காக வண்டியையே மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று 2006-இல் மாருதி நிறுவனம் தொடர்புடைய வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள், பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் குறைகளுக்கானவை. அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்த பிறகே அரசு தலையிடும். ஒருவருடைய கியர் பெட்டியின் முனகல் அந்தக் கணக்கில் வராது.

அயல்நாடுகளில் இதை வேறுவிதமாக அணுகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் 'எலுமிச்சைச் சட்டம்' கொண்டுவந்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. ஒரே குறைக்காகக் குறிப்பிட்ட முறைகள் பணிமனைக்குச் சென்றும் தீரவில்லை என்றால், அல்லது குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வண்டி முடங்கினால், தயாரிப்பாளர் வண்டியை மாற்றவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்பது அவற்றின் சாரம். தென் கொரியாவும் 2019-இல் இத்தகைய ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாங்கிய ஓராண்டுக்குள் தெரியவரும் குறை விற்பனையின்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விற்பவருடையது.

இந்த மெய்ப்பிக்கும் சுமைதான் அடிப்படை. அது யார் தோளில் இருக்கிறதோ அவரே கியர் பெட்டியைத் திறந்து பார்க்க விரும்புவார். நம் சட்டத்திலும், புதிய வண்டியின் முதல் ஓராண்டுக்கு அந்தச் சுமையை விற்பவர்மீது மாற்றும் திருத்தம் வேண்டும். தானே ஓட்டிப் பிழைப்பவரின் சரக்கு வண்டிக்கும் அது பொருந்த வேண்டும். ஒரே குறைக்காகக் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வண்டி நின்றால் மாற்று வண்டியோ, அதற்கான வாடகையோ தருவதை உத்தரவாதத்தின் பகுதியாக்கலாம். இதனால் வண்டியின் விலை சற்று உயராதா என்று கேட்டால், உயரக்கூடும். ஆனால், இலட்சம் வண்டிகளில் பரவும் சிறு செலவை ஏற்பது, ஒருவர் தலையில் விழும் பெருஞ்செலவைவிட எளிது. காப்பீட்டின் அடிப்படையே அதுதானே!

இன்னொன்று, மாநில அரசால் செய்யக்கூடியது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் வாகனப் பிரிவுகள் உள்ளன. குறைந்த கட்டணத்தில் வண்டியைச் சோதித்து எழுத்துபூர்வமாகக் கருத்து வழங்கும் சிறு மையங்களை அங்கே அமைக்கலாம். எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களின் காதுகளுக்கு அங்கே வேலை இருக்கும். மாணவர்களுக்கு அது பாடமாகவும் அமையும். மாவட்ட ஆணையங்களும் அந்த அறிக்கைகளைச் சான்றாக ஏற்க வழி செய்யலாம்.

அதுவரை வண்டி வாங்கியவர் செய்யக்கூடியவை சில உண்டு. ஓசை எப்போது வருகிறது என்பதைக் கியர், வேகம், சுமை, கிலோமீட்டர் ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். கைபேசியில் பதிவும் செய்யலாம். பணிமனையில் வாயால் சொல்லிவிட்டு வராமல், தாம் சொன்ன சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் செய்து, நகல் பெற்றே திரும்ப வேண்டும். பணிமனை ஊழியர் பக்கத்தில் அமர்ந்திருக்க வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். 'எல்லா வண்டியும் இப்படித்தான்' என்றால், அதே மாடலில் இன்னொன்றை ஓட்டிக் காட்டும்படி கேட்கலாம். வண்டி நின்ற நாள்களுக்கான வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் முற்றும் பழுதுக்கு, முதல் மாதத்தில் எழுதிய ஒரு வரி சான்றாக நிற்கும்.

என் மாணவர் இப்போது விடியற்காலையில் காசிமேட்டுக்குச் செல்கிறார். வண்டி அமைதியாக ஓடுகிறது. ஆனாலும், ஒவ்வொரு நாளும் நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சை ஒருமுறை மிதித்து விட்டுக் கேட்டுப் பார்த்த பிறகே புறப்படுவதாகச் சொன்னார். அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கிடைத்தார். அப்படி ஒருவர் கிடைக்காதவர்களுக்குச் சட்டம் அந்தப் பெரியவராக இருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).